டார்க் ஏறக்குறைய ஒன்றுதான், பவரில் மட்டும் 22 பிஎஸ் வித்தியாசம்: இது எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். முன்புறக் கவசம் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடிய, நடுத்தர அளவு ஸ்டாண்டர்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கும் எண்ணத்தில் தயாரிப்பாளர்கள் வெளியிடும் விவரப் பட்டியல்களைப் படித்து வருகிறேன். வடிகட்டியதில் எஞ்சி நிற்பவை இரண்டு: யமஹா எம்டி-07, ஹோண்டா சிபி650ஆர். இரண்டிலும் 2021ஆம் ஆண்டு மாடலின் எண்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

யமஹாவில் இருப்பது 689 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின். அது 8,750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8,750 சுற்றில்) 73.4 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) பவரும், 6,500 ஆர்பிஎம்மில் 67 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) தருகிறது. ஹோண்டாவில் இருப்பது 649 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். அது 12,000 ஆர்பிஎம்மில் 95 பிஎஸ்ஸும், 9,500 ஆர்பிஎம்மில் 63 நியூட்டன் மீட்டரும் தருகிறது. எரிபொருள் நிரப்பிய நிலையில் முன்னது 184 கிலோ, பின்னது ஏறத்தாழ 203 கிலோ.

எனக்குப் புரியாதது இதுதான். கொள்ளளவும் குறைவு, டார்க்கும் குறைவு என்றிருக்கும் இன்ஜினுக்குப் பவர் மட்டும் 22 பிஎஸ் கூடுதலாக எப்படிக் கிடைக்கிறது? நான் பெரும்பாலும் மணிக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில், பல நேரங்களில் பின்னால் மனைவியும் பையுமாக நெடுஞ்சாலையில் செல்பவன். அவ்வப்போது மலைப்பாதையும் உண்டு. அப்படிப்பட்ட ஓட்டத்தில் அந்த 22 பிஎஸ் உண்மையில் கைக்கு வருமா? எடையில் உள்ள 19 கிலோ வித்தியாசத்தை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது?

இரண்டையும் ஓட்டிப் பார்க்கத்தான் போகிறேன். ஆகவே "ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்" என்ற பதில் வேண்டாம். ஓட்டும்போது எதைக் கவனிப்பது என்பதைத் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

பதில்: பற்சக்கரம்

நெடுவழி அவர்களுக்கு, உங்கள் முதல் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய பட்டியலிலேயே இருக்கிறது. பிஎஸ், நியூட்டன் மீட்டர் ஆகிய எண்களிலேயே கண் நின்றுவிடுவதால், பக்கத்தில் இருக்கும் ஆர்பிஎம் எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை இன்ஜின் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பதன் அளவு டார்க். அந்த முறுக்கோடு அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்ட அளவு பவர். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்; அதை 1.36ஆல் பெருக்கினால் பிஎஸ். இந்தக் கணக்கு எல்லா இன்ஜின்களுக்கும் பொது. எந்த நிறுவனமும் இதிலிருந்து தப்ப முடியாது.

யமஹாவை முதலில் பார்ப்போம். 6,500 ஆர்பிஎம்மில் 67 நியூட்டன் மீட்டர் என்றால் அந்த இடத்தில் பவர் சுமார் 62 பிஎஸ். அதற்கு மேலே போகப்போக டார்க் இறங்குகிறது, ஆனால் ஆர்பிஎம் அதைவிட வேகமாக ஏறுவதால் பெருக்குத்தொகை கூடுகிறது. 8,750 ஆர்பிஎம்மில் டார்க் சுமார் 59 நியூட்டன் மீட்டராகக் குறைந்திருக்கும். பவர் மட்டும் 73.4 பிஎஸ்ஸைத் தொட்டிருக்கும். ஹோண்டாவிலும் இதே கதைதான், இன்னும் நீளமாக. 95 பிஎஸ் தரும் 12,000 ஆர்பிஎம்மில் அதன் டார்க் 56 நியூட்டன் மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது இரண்டும் தத்தம் உச்ச பவரைத் தரும் கணத்தில் ஹோண்டாவின் முறுக்குதான் குறைவு. அது சுழலும் வேகம் யமஹாவைப் போல் ஏறத்தாழ 1.37 மடங்கு இருப்பதால் பவரில் முந்திவிடுகிறது.

அவ்வளவு வேகமாக அது எப்படிச் சுழல்கிறது என்ற கேள்வி அடுத்து எழும். யமஹாவில் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 68.6 மில்லிமீட்டர். ஹோண்டாவில் விட்டம் 67, ஸ்ட்ரோக் வெறும் 46. ஸ்ட்ரோக் குறையும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. 12,000 ஆர்பிஎம்மில் ஓடும் ஹோண்டா பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 18.4 மீட்டர், 8,750 ஆர்பிஎம்மில் ஓடும் யமஹா பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர். காதுக்குக் கதறுவதுபோல் கேட்கும் இன்ஜினின் பிஸ்டன்தான் உள்ளே மெதுவாக நகர்கிறது! நான்கு சிறிய பிஸ்டன்கள் தனித்தனியே இலேசானவை என்பதும், மொத்த வால்வுகளில் பாதியான உள்வாங்கும் வால்வுகள் நான்குக்குப் பதிலாக எட்டு இருந்து, அவற்றின் வழியே காற்று உள்ளே போகிறது என்பதும் கூடுதல் வசதிகள்.

இடையில் ஒன்று. 95 பிஎஸ் என்பது 70 கிலோவாட். ஐரோப்பாவின் ஏ2 என்ற, பவருக்கு வரம்புள்ள ஓட்டுநர் உரிமத்துக்காக 35 கிலோவாட்டாகக் குறைத்துக் கொடுக்கப்படும் வண்டியின் மூலப் பவர் அதன் இருமடங்கைத் தாண்டக்கூடாது என்று அங்கே விதி உண்டு. ஆகவே 70 என்ற எண்ணைத் தற்செயலாக எட்டியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பதில்: ஈருருளை

பற்சக்கரம் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேட்டவருக்குத் தேவையான முடிவு இன்னும் எளிமையானது என்று கருதுகிறேன். 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு 12,000 ஆர்பிஎம் எதற்கு? அந்த வேகத்தில் வண்டியை இழுப்பது கீழ்ப்பகுதி, நடுப்பகுதி ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க்தான். யமஹாவின் டார்க் உச்சம் 6,500இல் வருகிறது, ஹோண்டாவினுடையது 9,500இல். இந்த ஓர் எண்ணே போதும். முன்னே போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எம்டி-07இல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முடிந்தது. ஹோண்டாவில் இரண்டு கியர் கீழே இறக்கியாக வேண்டும். பவர் காகிதத்துக்கு, டார்க் சாலைக்கு. நான் இரட்டை சிலிண்டர் வண்டிக்காரன் என்பதை என் பெயரே சொல்லிவிடும் என்பதால், சார்பு இருந்தால் கழித்துக்கொள்ளவும்.

பதில்: கடைவாய்_செயின்

ஈருருளை அவர்களின் முடிவு பாதி சரி, காரணம்தான் சரியில்லை. "பவர் காகிதத்துக்கு, டார்க் சாலைக்கு" என்ற சொலவடை எல்லா இடத்திலும் உலவுகிறது, ஆனால் அது கியர்பெட்டி என்ற ஒன்று நடுவில் இருப்பதையே மறந்துவிடுகிறது. சாலையைத் தள்ளுவது பின்சக்கரத்தில் கிடைக்கும் முறுக்கு. கிராங்க் ஷாஃப்டின் முறுக்கை முதன்மைக் குறைப்பு (இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவிலுள்ள பற்சக்கர இணை), அந்தந்தக் கியர், செயின் ஸ்ப்ராக்கெட் ஆகிய மூன்றும் பெருக்கிய பிறகுதான் அது சக்கரத்துக்கு வந்து சேர்கிறது.

இரண்டு வண்டிகளிலும் பின் டயர் 180/55-17 என்பதால் ஒப்பிடுவது எளிது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.98 மீட்டர். ஆறாவது கியரில் யமஹாவின் மொத்தக் குறைப்பு விகிதம், அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்றக் கிராங்க் சுற்றும் தடவைகள், ஏறத்தாழ 5, ஹோண்டாவினுடையது ஏறத்தாழ 5.75. இதன் பொருள், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் யமஹா சுமார் 4,200 ஆர்பிஎம்மிலும், ஹோண்டா சுமார் 4,850 ஆர்பிஎம்மிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஹோண்டா தன் கிராங்கின் முறுக்கை 15 விழுக்காடு கூடுதலாகப் பெருக்கிக் கொடுக்கிறது. அந்த ஆர்பிஎம்மில் அதன் இன்ஜின் யமஹாவைவிடக் குறைவாகத்தான் முறுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறையில் பெரும்பகுதியைக் கியர் விகிதம் ஈடுகட்டிவிடுகிறது. வேகமாகச் சுழலக்கூடிய இன்ஜினுக்குத்தான் இப்படிக் கியரைக் குட்டையாக வைக்க முடியும். அதனால்தான் டார்க் எண்ணைத் தனியாக எடுத்து ஒப்பிடுவது பயனற்ற வேலை என்கிறேன்.

உச்ச டார்க் எந்த ஆர்பிஎம்மில் என்பதை வைத்து முடிவெடுப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறாவது கியரில் யமஹா தன் 6,500 ஆர்பிஎம்மைத் தொடும்போது வேகம் மணிக்கு 155 கிலோமீட்டர். ஹோண்டா தன் 9,500ஐத் தொடும்போது 196. நெடுவழி அவர்கள் செல்லும் வேகத்தில் இரண்டு வண்டிகளுமே தத்தம் டார்க் உச்சத்துக்கு வெகு கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆக அந்த உச்சங்கள் அவருடைய நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு நேரடியாக எதையும் சொல்வதில்லை. 3,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை டார்க் வரைகோடு எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. அது எந்த விவரப் பட்டியலிலும் அச்சிடப்படுவதில்லை. டைனோ என்னும் பவர் அளக்கும் கருவியில் சக்கரத்தை வைத்து அளந்த வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றில் பிஎஸ் எண் நிறுவனம் சொன்னதைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். நிறுவனம் சொல்வது கிராங்கில், டைனோ சொல்வது செயினைத் தாண்டிச் சக்கரத்தில். ஒரே டைனோவில் ஏற்றிய இரண்டு வரைகோடுகளை மட்டுமே ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

22 பிஎஸ் கைக்கு வருமா என்ற கேள்விக்கும் கியர் கணக்கே பதில் சொல்கிறது. யமஹா தன் முழுப் பவரை முதல் கியரில் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டாவது கியரில் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்திலும் தருகிறது. ஹோண்டாவின் முழு 95 பிஎஸ் வேண்டுமென்றால் முதல் கியரிலேயே 98 கிலோமீட்டர் வேகம் போயிருக்க வேண்டும். இரண்டாவது கியரில் என்றால் 128. முதல் கியரில் நூறை நெருங்கி யார் லாரியைத் தாண்டுகிறார்கள்? அந்த 22 பிஎஸ் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அது இருக்கும் இடத்துக்கு நெடுவழி அவர்கள் அரிதாகத்தான் போவார். இதை வைத்து ஈருருளை சொன்ன முடிவுக்கே நானும் வந்து சேர்கிறேன், வேறு வழியாக.

உச்ச வேகம் பற்றி அவர் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. காற்றெதிர்ப்பு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், 29 விழுக்காடு கூடுதல் பவர் உச்ச வேகத்தில் தருவது 9 விழுக்காடுதான். கவசமில்லாத வண்டியில் அந்த வேகத்தில் கழுத்து முதலில் தோற்றுப்போகும்.

நெடுவழி:

மிக்க நன்றி. முதல் கியரில் 98 கிலோமீட்டர் என்ற கணக்கு எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள். நான்கு சிலிண்டர் என்றால் அதிர்வே இராது என்று ஒரு சாராரும், நீண்ட ஓட்டத்தில் அதில்தான் கை மரத்துப்போகும் என்று மற்றொரு சாராரும் எழுதுகிறார்கள்; எது உண்மை? பின்னால் ஒருவர் அமரும்போது எடையையும் சஸ்பென்ஷனையும் எப்படிப் பார்ப்பது?

பதில்: பற்சக்கரம்

இரண்டு சாராரும் சொல்வது உண்மை. அவர்கள் வேறுவேறு அதிர்வுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். வரிசையாக நான்கு சிலிண்டர் கொண்ட இன்ஜினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருவதால், கிராங்கின் வேகத்திலேயே வரும் பெரிய குலுக்கல், அதாவது முதன்மை அதிர்வு, ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆனால் கிராங்கைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும் சிறிய அதிர்வு நான்கு பிஸ்டன்களிலும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ஹோண்டாவில் வருவது குலுக்கல் அன்று. கைப்பிடியிலும் கால்மிதியிலும் ரீங்காரம்போல் ஓடும் நுண்ணிய அதிர்வு. ஒரே ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் போனால் விரல்களில் தெரிவது அதுதான்.

எம்டி-07இல் இரண்டு பிஸ்டன்களும் கிராங்கோடு இணையும் இடங்கள் 270 பாகைக் கோணத்தில் அமைந்துள்ளன. இந்த அமைப்பில் நிலைமை தலைகீழ்: இரண்டு மடங்கு வேக அதிர்வு அழிந்துவிடுகிறது, முதன்மை அதிர்வு எஞ்சுகிறது. அதை அடக்க உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட், அதாவது எதிரெடையோடு சுழலும் தண்டு, வைத்திருக்கிறார்கள். சிலிண்டர்களில் எரிபொருள் வெடிப்பு 270 பாகைக்கு ஒன்று, பிறகு 450 பாகைக்கு ஒன்று என்று சமமற்ற இடைவெளியில் வருவதால் ஓசையும் துடிப்பும் 90 பாகை வி-ட்வின் இன்ஜினை (இரு சிலிண்டர்களும் வி வடிவில் நிற்பது) ஒத்திருக்கும். அந்த வி-ட்வின் நிஜமாகவே வேண்டுமென்றால் சுஸுகி எஸ்வி650 இருக்கிறது: 645 சிசி, விட்டம் 81, ஸ்ட்ரோக் 62.6 மில்லிமீட்டர். அதில் முதன்மை அதிர்வைக் கிராங்கின் எதிரெடையே தீர்த்துவிடுவதால் பேலன்சர் ஷாஃப்டுக்கே வேலையில்லை. 1999இல் முதன்முதலாக வந்த வண்டி. அதன் இன்ஜினை இன்றும் பலர் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. கவாஸாகி இசட்650இன் கிராங்க் 180 பாகை; வெடிப்பு 180, பிறகு 540. அதன் உறுமல் இவை இரண்டிலிருந்தும் தனித்துக் கேட்கும்.

பராமரிப்பிலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. நான்கு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் நான்கு, அளந்து பார்க்க வேண்டிய வால்வு இடைவெளிகள் பதினாறு. எம்டி-07இல் இவை சரிபாதி. எம்டி-07க்கு வால்வு இடைவெளியை 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதித்தால் போதும். எஸ்வி650க்கு 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதில் வண்டியின் சட்டகத்துக்குள் புதைந்திருக்கும் பின் சிலிண்டரை எட்டுவதும் மெக்கானிக்குக் கொஞ்சம் தொல்லை பிடித்த வேலை.

பதில்: முன்சக்கரம்

எடையைப் பற்றி நான் எழுதுகிறேன். 19 கிலோ என்பது வண்டியைத் தனியாக வைத்துப் பார்த்தால் 10 விழுக்காடு. நின்ற இடத்தில் தள்ளித் திருப்பும்போதும், சரிவில் பின்னால் இழுத்து நிறுத்தும்போதும் அந்தப் பத்தையும் உணர்வீர்கள். ஆனால் ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் அமர்பவர் 65 கிலோ என்று கொண்டால் யமஹாவின் மொத்தம் 324 கிலோ, ஹோண்டாவினுடையது 343. வித்தியாசம் 6 விழுக்காட்டுக்குள் சுருங்கிவிடுகிறது. சுமை ஏற ஏற யமஹாவின் இலேசு என்ற சாதகம் கரைகிறது. எடையை வைத்து முடிவெடுப்பவர்கள் தாங்கள் தனியாகப் போவது மிகுதியா, இருவராகப் போவது மிகுதியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வளைவில் எளிதாகத் திரும்புமா என்பதற்கு எடையைவிட வடிவியல் நல்ல சாட்சி. யமஹாவின் வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 1,400 மில்லிமீட்டர், ட்ரெய்ல் (கைப்பிடி திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளியிலிருந்து முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் பின்தங்கும் தூரம்) 90. ஹோண்டாவின் வீல்பேஸ் 1,450, ட்ரெய்ல் 101. முன்னது சொன்னவுடன் திரும்பும். பின்னது பிடித்த கோட்டை விடாமல் போகும். மலைப்பாதைக்கு முன்னதும், இருவருடனான நெடுஞ்சாலைக்குப் பின்னதும் என் விருப்பம். ஆகவே இந்த எண்களில் உங்கள் இரண்டு தேவைகளும் எதிரெதிராகவே இழுக்கின்றன.

சஸ்பென்ஷனில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பின்னால் ஆள் ஏறும் நாளில் பின்புற ஸ்ப்ரிங்கின் ப்ரீலோடை, அதாவது அதை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவைக் கூட்டுங்கள். இரண்டு வண்டிகளிலும் அதற்கு வசதி உண்டு. கூட்டாமல் போனால் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கி, ட்ரெய்ல் கூடி, வளைவில் வண்டி வெளிப்புறமாக ஓடப் பார்க்கும். இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து ப்ரீலோடை மாற்றும் வளையத்தைத் தொடுவதே இல்லை. பின்னிருக்கை இரண்டிலும் அகலம் குறைவு, கால்மிதி உயரம் கூடுதல். வாங்குமுன் உங்கள் மனைவியையும் ஏற்றி உட்கார வைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் எந்தப் பட்டியலும் அவருடைய முழங்காலுக்கு ஈடாகாது.

டேங்க் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. யமஹா 14 லிட்டர், 100 கிலோமீட்டருக்கு 4.2 லிட்டர் என்பது நிறுவனக் கணக்கு, ஹோண்டா 15.4 லிட்டர், 4.9 லிட்டர். இரண்டுமே முழு டேங்க்குக்கு 310 முதல் 335 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பதில்: கடைவாய்_செயின்

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று தொடக்கத்தில் கேட்டிருந்தீர்கள். நான்காவது கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராகப் போங்கள். யமஹாவின் ஆர்பிஎம் காட்டி 3,400 அருகிலும், ஹோண்டாவினுடையது 3,700 அருகிலும் நிற்கும். கிளட்ச்சையும் கியரையும் தொடாமல் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து, 100 வரும்வரை விடுங்கள். யமஹா முதல் நொடியிலிருந்தே ஒரே சீராகத் தள்ளுகிறதா, ஹோண்டாவில் ஆர்பிஎம் 6,000ஐ நெருங்கும்போது தள்ளல் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு அதே சோதனையை ஹோண்டாவில் மட்டும் மூன்றாவது கியரில் செய்யுங்கள். அப்போது 60இலேயே 4,500 ஆர்பிஎம்மில் தொடங்குவீர்கள். அப்படி ஒரு கியர் இறக்கி ஓட்டுவது உங்களுக்கு இயல்பாக வருகிறதென்றால் ஈருருளை சொன்ன குறை உங்களைப் பொறுத்தவரை குறையே அன்று. எரிச்சலூட்டுகிறதென்றால் யமஹாவுக்கு முன்பணம் கட்டலாம். நெரிசலில்லாத நேரான சாலையில், பின்னால் ஆளோடு செய்து பாருங்கள். தனியாகச் செய்தால் இரண்டுமே வேகமாகத்தான் தெரியும்.